எக்ஸ்ரே படிப்பு: 6 மாத கோர்ஸா, அமைச்சின் டிப்ளோமாவா, பேராதனையா?

ஹட்டன் மழை:

எல்லாருக்கும் வணக்கம். தங்கச்சி உயிரியல் பிரிவில் உயர்தரம் முடித்திருக்கிறாள். உயிரியல் பி, இரசாயனவியல் சி, பௌதிகவியல் எஸ் (சாதாரண சித்தி). நுவரெலியா மாவட்டம். மருத்துவ பீடத்துக்குப் போதாது என்று அவளுக்கே தெரியும். எக்ஸ்ரே, ஸ்கேன் படம் எடுக்கும் ரேடியோகிராபர் ஆக வேண்டும் என்று உறுதியாக இருக்கிறாள்.

டவுனில் ஒரு தனியார் நிறுவனம் 6 மாதத்தில் எக்ஸ்ரே டெக்னீஷியன் சான்றிதழ் தருவதாகச் சொல்கிறது. காசைத் தவணையில் கட்டலாமாம், படித்து முடித்தால் கல்ஃபில் வேலை நிச்சயமாம். அம்மாவும் அப்பாவும் தோட்டத்தில் வேலை செய்கிறார்கள். ஒரு தடவைதான் செலவு செய்ய முடியும், தவறிவிட்டால் திரும்பக் கட்ட வழியில்லை. அந்த 6 மாதக் கோர்ஸ் செல்லுமா? இல்லையென்றால் சரியான வழி எது? எத்தனை வருடம் ஆகும்? தெரிந்தவர்கள் விபரமாகச் சொல்லுங்கள்.

கண்டி வீதி:

தம்பி, முதலில் அந்த இடத்துக்கு ஒரு சதமும் கட்ட வேண்டாம். ஏன் என்பதை விளங்கிக்கொண்டால் மற்ற எல்லாக் கேள்விக்கும் பதில் தானாக வரும்.

இந்தத் தொழிலில் இரண்டு விதமான அனுமதி இருக்கிறது. பலர் இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழம்புகிறார்கள். ஒன்று ஆளுக்கானது: இலங்கை மருத்துவ சபையில் ரேடியோகிராபராகப் பதிவது. டொக்டர்மார் பதிகிற அதே சபைதான். மருத்துவக் கட்டளைச் சட்டத்தின் கீழ் மருந்தாளர், ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர், இயன் மருத்துவர், ரேடியோகிராபர் என்று தனித்தனிப் பதிவேடுகள் வைத்திருக்கிறார்கள். மற்றது இடத்துக்கானது: எக்ஸ்ரே மெஷின் வைத்திருக்கும் ஆஸ்பத்திரியோ தனியார் நிலையமோ இலங்கை அணுசக்தி ஒழுங்குபடுத்தல் பேரவையிடம் எடுக்க வேண்டிய அனுமதிப்பத்திரம். 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தில் வந்தது இது. அறையின் சுவர்த் தடிப்பு, கதவின் ஈயத் தகடு, மெஷினின் தரச் சோதனை, அதை இயக்குகிற ஆளின் தகுதி எல்லாவற்றையும் பார்ப்பார்கள்.

6 மாதச் சான்றிதழோடு போனால் முதலாவது கிடைக்காது. அது கிடைக்காத ஆளை மெஷினில் விட்டால் வேலை கொடுத்தவரின் அனுமதிப்பத்திரத்துக்கும் ஆபத்து. அப்படிப்பட்டவர்களுக்கு மிஞ்சுவது நோயாளியைத் தள்ளுவண்டியில் கொண்டுவருவது, பதிவுப் புத்தகம் எழுதுவது போன்ற உதவியாளர் வேலை. அது நேர்மையான வேலைதான், ஆனால் அதற்குத் தவணை போட்டுக் காசு கட்டத் தேவையில்லை. அந்த நிறுவனத்திடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்கள் சான்றிதழை வைத்து மருத்துவ சபையில் ரேடியோகிராபராகப் பதிந்த ஒருவருடைய பதிவிலக்கத்தைக் காட்டுங்கள்." அவர்கள் காட்டும் கடதாசி வேறு எதுவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

உங்கள் நிலைமைக்குச் சரியான வழிகள் இரண்டு.

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் இணைச் சுகாதார விஞ்ஞான பீடத்தில் ரேடியோகிராபி சிறப்புப் பட்டம், 4 வருடம், ஆங்கில மொழி மூலம். உயிரியல் பிரிவு மாணவர்கள் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் ஒன்லைன் விண்ணப்பத்தில் போட வேண்டும். தங்கச்சிக்கு இங்கே ஒரு சாதகம் உண்டு. பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை வரிசையிலும், 55 வீதம் மாவட்ட ஒதுக்கீட்டிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் போகிறது. நுவரெலியாவும் பதுளையும் அந்த 16க்குள் இருக்கின்றன, கண்டி இல்லை. ஆகவே கண்டிப் பிள்ளையின் வெட்டுப்புள்ளியைப் பார்த்து மனம் விட வேண்டாம். ஆணைக்குழுவின் கையேட்டில் போன வருட வெட்டுப்புள்ளிகள் மாவட்ட வாரியாக இருக்கும், நுவரெலியா நிரலை மட்டும் பாருங்கள்.

விருப்ப ஒழுங்கில்தான் நிறையப் பிள்ளைகள் தவறு செய்கிறார்கள். "கிடைக்கக் கூடியதை மேலே போடு" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். பட்டியலில் மேலிருந்து கீழே வருவார்கள், தகுதி பெறும் முதல் பாடநெறியோடு நின்றுவிடும். தாதியியலை மேலேயும் ரேடியோகிராபியைக் கீழேயும் போட்டு, தாதியியல் கிடைத்துவிட்டால் கீழே உள்ளதைப் பார்க்கவே மாட்டார்கள். ஆசையின் ஒழுங்கில் போடுவதுதான் சரி, வாய்ப்பின் ஒழுங்கில் அல்ல.

இரண்டாவது வழி, சுகாதார அமைச்சின் கொழும்பு ரேடியோகிராபி பாடசாலையில் 2 வருட டிப்ளோமா. இதற்குப் பல்கலைக்கழகக் கையேட்டில் தேடக் கூடாது, வர்த்தமானியில் தேட வேண்டும். பயிற்சிக்கு எடுப்பதே அரச சேவைக்கு எடுப்பது போலத்தான்: பயிற்சிக் காலத்தில் கொடுப்பனவு உண்டு, முடித்ததும் மருத்துவத்துக்குத் துணையான தொழில்கள் சேவையில் நியமனம், அதற்குப் பதிலாகக் குறித்த காலம் அரச சேவையில் இருப்பதாகப் பிணைமுறி எழுதிக் கொடுக்க வேண்டும். பிணை நிற்பவர்களை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நேரத்தில் ஆள் தேடி ஓடும் குடும்பங்கள் உண்டு.

வீட்டு நிலைமையை வைத்துப் பார்த்தால் டிப்ளோமாதான் பாரம் குறைந்தது. ஆனால் வெளிநாடு என்ற எண்ணம் இருந்தால் பட்டம் வைத்திருப்பவருக்குக் கதவுகள் கூடுதலாகத் திறக்கும். என் கருத்து: பேராதனைக்குப் போடுங்கள், அதே நேரம் வர்த்தமானியையும் விடாதீர்கள். ஒன்றுக்குப் போட்டால் மற்றதற்குப் போடக் கூடாது என்று நினைத்துவிட வேண்டாம்.

கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்திலும் ரேடியோகிராபி பட்டம் இருக்கிறது. வெளி மாணவர்கள் கட்டணம் கட்டிப் படிக்க வேண்டும். உங்கள் நிலைமைக்கு அது பொருந்தாது என்பதால் நீட்டவில்லை.

பதுளை ரோட்:

மேலே சொன்னதோடு ஒரு விசயம். தோட்டப்புறப் பிள்ளைகளுக்கு இதில்தான் அதிகம் சறுக்குகிறது, படிப்பில் அல்ல.

வர்த்தமானி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வரும். அரச பதவிகளுக்கான அறிவித்தல்கள் பகுதி 1, பிரிவு 2அ என்பதில் இருக்கும். அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் மூன்று மொழியிலும் இறக்கலாம். பயிற்சிக்கு ஆள் சேர்ப்பது வருடம் தவறாமல் ஒரே மாதத்தில் வருவதில்லை. அதனால் "போன வருடம் இந்த மாதம்தானே வந்தது" என்று காத்திருக்காமல் வெள்ளிக்கிழமைதோறும் ஃபோனில் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். வயதெல்லை, ஓ.எல்லில் கேட்கும் பாடங்கள், ஏ.எல்லை எந்த அமர்வில் சித்தியடைந்திருக்க வேண்டும் எல்லாம் அந்த அறிவித்தலில்தான் சரியாக இருக்கும், ஃபேஸ்புக் பதிவில் அல்ல.

அனுப்பும்போது பதிவுத் தபால். கடித உறையின் இடது மேல் மூலையில் பதவியின் பெயரை அறிவித்தலில் உள்ளபடியே எழுத வேண்டும் என்று கேட்டிருந்தால் அப்படியே எழுதுங்கள். கையொப்பத்தை அத்தாட்சிப்படுத்தச் சொல்லியிருந்தால் சமாதான நீதவானோ பாடசாலை அதிபரோ பதவி முத்திரையோடு போட வேண்டும். முத்திரை தெளிவில்லாமல் விழுந்தால் திரும்பப் போடச் சொல்லுங்கள், வெட்கப்படாதீர்கள்.

முகவரிதான் பெரிய பிரச்சினை. லயத்துக்குத் தனி முகவரி இல்லாத தோட்டங்களில் கடிதம் ஆபீஸுக்கு வந்து, அங்கிருந்து யாராவது கொண்டுவந்தால்தான் உண்டு. நேர்முகப் பரீட்சைக்கு அழைத்த கடிதம் நாள் கடந்து கைக்கு வந்தால் யாரிடமும் முறையிட முடியாது. டவுனில் கடை வைத்திருக்கும் சொந்தக்காரர் முகவரியைத் தபால் முகவரியாகக் கொடுங்கள். நிரந்தர முகவரியை மட்டும் தோட்டத்து முகவரியாக, வாக்காளர் இடாப்பிலும் கிராம உத்தியோகத்தரிடமும் உள்ளபடி போடுங்கள்.

பெயர்! பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் வேறு எழுத்து, பரீட்சைச் சான்றிதழில் மூன்றாவது எழுத்து. தோட்டத்தில் பிறப்பைப் பதியும்போது யார் எந்த மொழியில் எழுதினாரோ அதைப் பொறுத்து இப்படி ஆகிவிடுகிறது. அப்பாவின் பெயர் முன்னுக்கா பின்னுக்கா என்பதிலும் வித்தியாசம் வரும். இப்போதே மூன்றையும் மேசையில் வைத்து, ஆங்கில எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் திருத்தம் கேட்கலாம், அல்லது இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கிறது என்று சத்தியக்கடதாசி எடுக்கலாம். உள்ளூரில் சத்தியக்கடதாசி பெரும்பாலும் போதும். வெளிநாட்டுக்கு என்று வரும்போது அடிப்படை ஆவணத்தையே திருத்தி வைத்திருப்பதுதான் நிம்மதி.

ஹட்டன் மழை:

மிக்க நன்றி கண்டி அண்ணன், பதுளை அண்ணன். தவணை கட்ட அப்பா கைமாற்று வாங்கியிருந்த காசைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லிவிட்டேன். பெயரை இப்போதுதான் பார்த்தேன், பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து கூட இருக்கிறது. திங்கட்கிழமை போகிறேன்.

இன்னொரு கேள்வி. அம்மா ஒரே பயம். எக்ஸ்ரே அறையில் வேலை செய்தால் பெண் பிள்ளைக்குக் குழந்தை தங்காது, முடி கொட்டும் என்று லயத்தில் எல்லாரும் சொல்கிறார்களாம். அம்மாவுக்கு விளங்கும்படி என்ன சொல்லலாம்?

ஈயத்தகடு:

அம்மாவின் பயம் நியாயமானது. கதிர் கண்ணுக்குத் தெரியாது, சூடும் தெரியாது, ஆகவே பயப்படாதீர்கள் என்று மட்டும் சொன்னால் எடுபடாது. கணக்காகச் சொல்கிறேன்.

கதிர்வீச்சின் அளவை மில்லிசீவர்ட் என்பார்கள். எந்த வேலையும் செய்யாமல் வீட்டில் இருக்கும் மனிதருக்கே மண், கல், காற்று, வானத்திலிருந்து உலகச் சராசரியாக வருடத்துக்கு 2.4 மில்லிசீவர்ட் கிடைக்கிறது. மலையில் வானத்திலிருந்து வரும் பங்கு கடற்கரையை விடச் சற்றுக் கூட. நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றில் நோயாளிக்குக் கிடைப்பது சுமார் 0.02. கதிர்வீச்சோடு வேலை செய்பவருக்குச் சர்வதேச எல்லை 5 வருடச் சராசரியாக வருடத்துக்கு 20, எந்த ஒரு வருடத்திலும் 50ஐத் தாண்டக் கூடாது. ஒழுங்காக வேலை செய்யும் ரேடியோகிராபர் அந்த 20க்குக் கிட்டவும் போவதில்லை.

குழந்தை தங்காமல் போவது என்பது ஒரு எல்லையைத் தாண்டினால் மட்டும் வரும் பாதிப்பு. பெண்ணின் சூலகத்துக்கு ஒரே தடவையில் 2,500 மில்லிகிரேக்கு மேல் பட்டால்தான் நிரந்தரமாக அப்படி ஆகும். எக்ஸ்கதிருக்கு ஒரு மில்லிகிரே என்பதை ஏறக்குறைய ஒரு மில்லிசீவர்ட்டாக வைத்துக்கொள்ளலாம். மேலே சொன்ன 20ஐயும் இந்த 2,500ஐயும் பக்கத்தில் எழுதி அம்மாவிடம் காட்டுங்கள். முடி கொட்டும் கதை புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை எடுத்தவர்களைப் பார்த்து வந்தது. அங்கே நோய் உள்ள இடத்துக்குத் திட்டமிட்டுப் பெரிய அளவு கொடுக்கிறார்கள்.

பொத்தானை அழுத்தும் நேரத்தில் மட்டும்தான் கதிர் இருக்கிறது. அறையில் தங்கி நிற்காது, சுவரில் ஊறாது, உடுப்பில் ஒட்டி வீட்டுக்கு வராது. லைட்டை அணைத்த பிறகு வெளிச்சம் அறையில் தங்குவதில்லை அல்லவா, அதுபோலத்தான். அழுத்தும்போது ரேடியோகிராபர் ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிறார். எம்.ஆர்.ஐ. மெஷினில் இந்த வகைக் கதிரே இல்லை. அங்கே ஆபத்து காந்தம்.

ஆபத்து வருவது பழக்கம் கெடும்போது. வார்டுக்கு மொபைல் மெஷினைத் தள்ளிக்கொண்டு போய் எடுக்கும்போது மறைப்பு இல்லை. நோயாளியின் உடலில் பட்டுச் சிதறும் கதிர் 1 மீற்றர் தூரத்தில் அவர் மேல் விழுந்ததில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. 2 மீற்றரில் அதில் கால் பங்கு, 3 மீற்றரில் ஒன்பதில் ஒரு பங்கு. ஏ.எல்லில் படித்த நேர்மாறு வர்க்க விதிதான் இது, பரீட்சையோடு மறந்துவிடக் கூடாத விதி. பொத்தானின் வயர் நீளமாக இருப்பதே அதற்காக, முழு நீளத்தையும் இழுத்துத் தள்ளி நின்று அழுத்த வேண்டும். அவசரத்தில் கட்டில் ஓரத்திலேயே நின்று அழுத்துபவர்களுக்குத்தான் அளவு ஏறுகிறது. குழந்தையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமென்றால் ரேடியோகிராபர் பிடிக்கக் கூடாது. அவர் ஒரு நாளைக்கு எத்தனை குழந்தைகளைப் பிடிப்பது? கர்ப்பமில்லாத தாயோ தகப்பனோ ஈய ஏப்ரன் (ஈயம் வைத்த மேலங்கி) போட்டுக்கொண்டு பிடிக்க வேண்டும்.

ஈய ஏப்ரனை மடித்து வைத்தால் மடிப்பில் வெடிப்பு விழும், வெளியே துணி நன்றாகத்தான் தெரியும். ஹாங்கரில் தொங்கவிட வேண்டும், வருடத்துக்கு ஒரு தடவையாவது அதையே எக்ஸ்ரேயில் வைத்து வெடிப்பைப் பார்க்க வேண்டும்.

ஒவ்வொருவருக்கும் டீ.எல்.டி. என்ற சின்ன பெட்ஜ் கொடுப்பார்கள். குறித்த காலத்துக்கு ஒரு தடவை அதைத் திருப்பி அனுப்பினால் எவ்வளவு பட்டது என்று அளந்து அறிக்கை வரும். ஏப்ரனுக்கு உள்ளே, நெஞ்சு மட்டத்தில் குத்த வேண்டும். எக்ஸ்ரே அறையில் தொங்கும் கோட்டில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் கோட்டுக்குப் பட்டதை உங்கள் கணக்கில் எழுதுவார்கள். உங்களுக்கே எக்ஸ்ரே எடுக்கப் போகும்போது கழற்றி வைக்க வேண்டும். அறிக்கை வரும்போது கையெழுத்துப் போட்டுவிட்டு மறக்காமல் இலக்கத்தைப் படித்து ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். வேலை இடம் மாறினாலும் அந்தக் கணக்கு உங்களோடு வர வேண்டும்.

கர்ப்பம் என்று தெரிந்தவுடன் பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு வயிற்றிலுள்ள சிசுவுக்கு மீதிக் காலம் முழுவதற்கும் 1 மில்லிசீவர்ட்தான் எல்லை. மொபைல், ஃபுளோரோஸ்கோபி (தொடர்ந்து கதிர் கொடுத்து அசையும் படமாகப் பார்ப்பது), சத்திரசிகிச்சை அறை வேலைகளிலிருந்து விலக்கி மறைப்புக்குப் பின்னால் நின்று செய்யும் வேலையில் போடுவார்கள். வேலையை விடத் தேவையில்லை.

தோஹா வாசல்:

கல்ஃப், வெளிநாடு என்று பேச்சு வந்ததால் அதை மட்டும் சொல்கிறேன்.

வளைகுடா நாடுகளுக்கு ஏஜென்சி வேலை "வாங்கித் தருவது" என்று ஒன்று இந்தத் தொழிலில் இல்லை. அந்தந்த நாட்டின் சுகாதார ஆணையம் லைசன்ஸ் கொடுத்தால்தான் மெஷினைத் தொட முடியும். ஒழுங்கு இதுதான்: முதலில் டேட்டாஃப்ளோ என்ற நிறுவனம் உங்கள் பட்டம் அல்லது டிப்ளோமா, மருத்துவ சபைப் பதிவு, அனுபவக் கடிதம் ஒவ்வொன்றையும் கொடுத்த இடத்துக்கே எழுதிக் கேட்டு உறுதிசெய்யும். பிறகு கணினியில் தெரிவு வினாப் பரீட்சை, பொதுவாகப் புரோமெட்ரிக் நிலையத்தில். இங்கே அந்த 6 மாதச் சான்றிதழ் முதல் படியிலேயே விழுந்துவிடும், ஏனென்றால் மருத்துவ சபைப் பதிவு என்ற கட்டத்தை நிரப்ப எதுவும் இருக்காது. "கல்ஃபில் நிச்சயம்" என்று சொல்பவர்களிடம் எந்த நாட்டின் எந்த ஆணையம் என்று கேளுங்கள்.

டேட்டாஃப்ளோவில் அதிகம் சிக்குவது அனுபவக் கடிதம். தலைப்புக் கடதாசி, பதவிப் பெயர், சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் நாள் மாதத்தோடு, முழு நேரமா பகுதி நேரமா, எந்தெந்த மெஷினில் வேலை, கையெழுத்திட்டவரின் பெயரும் பதவியும், ஆஸ்பத்திரியின் உத்தியோகபூர்வ ஈமெயில். இவற்றில் ஒன்று இல்லையென்றாலும் திரும்பி வரும். கடிதம் கொடுத்த அதிகாரி மாற்றலாகிப் போயிருந்தால் உறுதிப்படுத்த ஆள் இருக்காது, ஆகவே விலகும் நாளிலேயே வாங்க வேண்டும். உங்கள் பதிவு நல்ல நிலையில் இருக்கிறது என்று மருத்துவ சபை தரும் நன்னிலைச் சான்றிதழுக்கும் செல்லுபடிக் காலம் உண்டு. எல்லாம் தயாரான பிறகு கடைசியாக எடுங்கள், முதலில் எடுத்துக் காலாவதியாக விடாதீர்கள்.

சவூதியில் டிப்ளோமாக்காரரை டெக்னீஷியன் என்றும் பட்டதாரியை ஸ்பெஷலிஸ்ட் என்றும் வகைப்படுத்துவார்கள். சம்பள வித்தியாசம் அங்கேயே தொடங்கிவிடும். படித்து முடித்த கையோடு ஓடுவதை விட, உள்ளூரில் குறைந்தது 2 வருடம், அதிலும் சீ.டீ. (எக்ஸ்கதிரால் உடலைக் குறுக்குவெட்டாகப் படம் எடுக்கும் ஸ்கேன்) பிரிவில் வேலை செய்துவிட்டுப் போவது நல்லது. வெறும் எக்ஸ்ரே அனுபவத்துக்குக் கேள்வி குறைவு.

இங்கிலாந்துக்கு எச்.சி.பீ.சி. என்ற ஒழுங்குபடுத்தும் சபையில் பதிய வேண்டும். ஐ.ஈ.எல்.டி.எஸ். ஆங்கிலப் பரீட்சையில் மொத்தம் 7.0, எந்தப் பகுதியிலும் 6.5க்குக் குறையக் கூடாது. அவர்கள் படித்த பாடங்களை விரிவாகக் கேட்பார்கள்: எத்தனை மணித்தியாலம் விரிவுரை, எத்தனை மணித்தியாலம் வார்டுப் பயிற்சி என்று. பாடத்திட்டப் புத்தகம், பயிற்சிப் பதிவேடு இரண்டையும் படிக்கும் காலத்திலேயே பிரதி எடுத்துப் பத்திரப்படுத்த வேண்டும். பத்து வருடம் கழித்துக் கேட்டால் அலுவலகத்தில் தேடி எடுத்துத் தருவார்கள் என்று நம்பி இருக்க முடியாது.

கொட்டகலை பனி:

எல்லாரும் கடதாசியைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். வேலையைப் பற்றிக் கொஞ்சம். தங்கச்சி எதற்குப் போகிறாள் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ரேடியோகிராபர் படம் எடுப்பவர். படத்தைப் பார்த்து அறிக்கை எழுதுபவர் கதிரியக்க மருத்துவ நிபுணர், அதாவது டொக்டர். நம் நாட்டில் வயிற்று ஸ்கேன் எனப்படும் அல்ட்ராசவுண்டையும் டொக்டர்தான் செய்கிறார். இதை அறியாமல் வந்து ஏமாறும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் கெட்ட படத்தில் எந்த நிபுணரும் நோயைக் கண்டுபிடிக்க முடியாது. அந்த அளவுக்கு இது பொறுப்பான வேலை.

நெஞ்சு எக்ஸ்ரேயையே எடுங்கள், அதுதான் நாளாந்தம் அதிகம். ஆள் படம் பதியும் பலகையை நோக்கி நிற்க வேண்டும், கதிர் வரும் எக்ஸ்ரே குழாய் பின்னால் 180 சென்ரிமீற்றரில். நாடி (முகவாய்) மேலே, கைகள் இடுப்பில், தோள்களை முன்னுக்கு உருட்டினால் தோள்பட்டை எலும்பு நுரையீரலை விட்டு விலகும். மூச்சை முழுதாக இழுத்துப் பிடித்த கணத்தில் அழுத்த வேண்டும். சரியாக இழுத்திருந்தால் நுரையீரல் பரப்பில் பின்பக்க விலா எலும்பு 9 அல்லது 10 எண்ணலாம். அரைகுறையாக இழுத்தால் இதயம் பெரிதாகத் தெரியும், நுரையீரலின் அடியில் நோய் இருப்பது போல நிழல் விழும். காரைஎலும்பு இரண்டின் உள்முனைகளும் முதுகெலும்பின் நடுவிலிருந்து சம தூரத்தில் இல்லாவிட்டால் ஆள் திரும்பி நின்றிருக்கிறார் என்று அர்த்தம்.

மலையகத்தில் தமிழ் தெரிந்த ரேடியோகிராபரின் பெறுமதி இந்த இடத்தில்தான் தெரியும். 65 வயது கொழுந்து பறித்த அம்மா, காது மந்தம். விளங்காத மொழியில் "மூச்சை இழு, பிடி" என்றால் பயத்தில் மூச்சை வெளியே விட்டுவிடுவார். திரும்ப எடுக்க வேண்டும், திரும்பக் கதிர். "ஆத்தா, நல்லா மூச்ச உள்ள இழுங்க, அப்பிடியே புடிச்சிக்கோங்க, விடாதீங்க" என்று ஒரு தடவை செய்து காட்டிவிட்டு எடுத்தால் முதல் படமே சரியாக வரும். மாதவிடாய் தள்ளியிருக்கிறதா என்று இளம் பெண்ணிடம் கேட்பதும் அப்படித்தான். மாமியார் பக்கத்தில் நிற்கும்போது கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். திரைக்குப் பின்னால் தனியாக, தமிழில், ஒரு பெண் கேட்க வேண்டும்.

படத்தில் நோய் போலத் தெரியும் பொருட்களும் நம் ஊருக்கே உரியவை. ரவிக்கையில் குத்திய ஊக்கு, அரைஞாண், தாயத்து, நெஞ்சுக்கு மேல் விழும் தடித்த பின்னல். ஈரப் பின்னல் நுரையீரலின் உச்சியில் விழுந்தால் காசநோய்த் தழும்பு போலவே இருக்கும், உச்சியில் கொண்டை போடச் சொல்ல வேண்டும். தாலியைக் கழற்றச் சொல்லிச் சண்டை பிடிக்கத் தேவையில்லை. மேலே தூக்கி வாயில் கவ்விக்கொள்ளச் சொன்னால் நெஞ்சுப் பகுதி விடுபடும்.

மழை நாளில் மலையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு, கணுக்கால் முறிந்து வருபவர்கள் அதிகம். ஒரே பக்கத்திலிருந்து எடுத்த படத்தில் வெடிப்பு மறைந்திருக்கலாம், 90 பாகையில் இன்னொன்று கட்டாயம். நீள எலும்பு முறிந்திருந்தால் மேல் மூட்டும் கீழ் மூட்டும் படத்துக்குள் வர வேண்டும். இடது வலது அடையாளத்தை எடுக்கும்போதே ஈய எழுத்தால் வைக்க வேண்டும். பிறகு கணினியில் போடலாம் என்று விட்டால் ஒரு நாள் மாறிப்போகும், அன்றைக்குத் தப்பான காலில் கத்தி வைப்பார்கள்.

டிஜிட்டல் மெஷின்களில் வேறொரு பொறி உண்டு. பழைய ஃபிலிமில் கதிர் கூடினால் படம் கறுத்துவிடும், தவறு உடனே தெரியும். டிஜிட்டலில் இரண்டு மடங்கு கொடுத்தாலும் கணினி சரிசெய்து அழகான படமாகவே காட்டும், குறைத்துக் கொடுத்தால் மட்டும் புள்ளி புள்ளியாக வரும். அதனால் கை தானாகக் கூட்டிக் கூட்டி வைக்கத் தொடங்கும். ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் வரும் எக்ஸ்போஷர் எண்ணை (எவ்வளவு கதிர் கொடுத்தோம் என்று காட்டுவது) பார்க்கும் பழக்கம் பயிற்சிக் காலத்திலேயே வர வேண்டும்.

குளிர்ப் பிரதேசத்துக்குரிய ஒன்று: குழாய்க்குள் போகும் சக்தியில் சுமார் 99 வீதம் வெப்பமாகிறது, 1 வீதம்தான் எக்ஸ்கதிர். நுவரெலியாக் காலைக் குளிரில் ஆறிக் கிடக்கும் குழாயில் எடுத்தவுடன் பெரிய எக்ஸ்போஷர் கொடுத்தால் அதற்குள் எக்ஸ்கதிர் பிறக்கும் அனோட் என்ற உலோகத் தட்டு வெடிக்கலாம். ஆள் இல்லாமல் சிறிதிலிருந்து படிப்படியாகச் சில தடவை கொடுத்துச் சூடாக்கிய பிறகே முதல் நோயாளி. குழாய் போனால் புதிது வரும் வரை ஊரே கண்டிக்கோ பதுளைக்கோ பஸ் ஏற வேண்டும்.

வேலை இடங்கள் என்று பார்த்தால், கண்டி தேசிய வைத்தியசாலை, பேராதனை, பதுளை போதனா வைத்தியசாலைகளில் சீ.டீ. முதல் பல வகை மெஷின்களில் கை பழகும். நுவரெலியா, நாவலப்பிட்டி, 2017இல் இந்திய உதவியோடு திறந்த டிக்கோயா ஆதார வைத்தியசாலை போன்ற இடங்களில் ஆட்கள் குறைவு, இரவு அழைப்பு வரும், எல்லாவற்றையும் தனியாகச் சமாளிக்க வேண்டும். மார்பகப் பரிசோதனையான மெமோகிராபிக்குப் பெண்களைத்தான் தேடுவார்கள், தங்கச்சி அதை மனதில் வைத்துக்கொள்ளட்டும்.

ஹட்டன் மழை:

இதையெல்லாம் அப்படியே அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மூச்சு இழுத்துப் பிடிக்கிற இடத்தில் அம்மாவே "ஆமா, எனக்கும் அப்பிடித்தான் ரெண்டு தடவ எடுத்தாங்க" என்றார். கடைசியாக ஒன்று: வர்த்தமானி வரும் வரை, அல்லது பல்கலைக்கழகம் தொடங்கும் வரை உள்ள மாதங்களில் தங்கச்சி என்ன செய்யலாம்?

கண்டி வீதி:

மூன்று வேலை. பௌதிகவியல் எஸ் என்பதால் கடைசி அலகு "சடமும் கதிர்ப்பும்", அதோடு மின்னோட்டம், இலத்திரனியல் அலகுகளைத் திரும்பப் படிக்கட்டும், ஆனால் இம்முறை ஆங்கிலப் புத்தகத்தில். தமிழில் படித்த அதே பாடத்தை ஆங்கிலத்தில் வாசிப்பதுதான் மொழிக்கும் பாடத்துக்கும் சேர்த்துச் சுலபமான வழி. முதல் செமஸ்டரில் தமிழ் மொழி மூலப் பிள்ளைகள் திணறுவது பாடத்தில் அல்ல, விரிவுரையின் வேகத்தில்.

இரண்டாவது சிங்களம். பேச்சு மட்டும் போதாது, எழுத்தும் வேண்டும். அரச சேவையில் தமிழ் மொழி மூலம் சேர்பவர் சிங்களத் தேர்ச்சியைக் காட்ட வேண்டும். அரசகரும மொழிகள் திணைக்களத்தின் பரீட்சை அதற்குத்தான். இப்போது தொடங்கினால் பின்னால் சம்பள ஏற்றத்தின்போது ஓட வேண்டியதில்லை.

மூன்றாவது, பதுளை ரோட் சொன்ன பெயர்த் திருத்தம். திங்கட்கிழமை போகும்போது பிறப்புச் சான்றிதழின் மூலப் பிரதி, அப்பா அம்மாவின் திருமணச் சான்றிதழ், தங்கச்சி முதன்முதல் சேர்ந்த பாடசாலையின் விடுகைப்பத்திரம் மூன்றையும் கையோடு கொண்டு போங்கள். விடுகைப்பத்திரம் இல்லையென்று ஒரு தடவை திருப்பி அனுப்பினால் ஒரு நாள் சம்பளம் போகும். எழுத்து கூடியிருப்பது தமிழிலா ஆங்கிலத்திலா?